கடைமடைக்கு எத்தனை மார்க்?

தஞ்சாவூர்
3 ஜூன் 2025

அன்புள்ள மச்சான் ராஜராஜன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் சூர்யபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், ஈஸ்வரி, என் தொப்பை மூவரும் நலம், ஹாஸ்டலில் மகளும் நலம். குத்தாலத்தில் அத்தையும் உங்கள் வீட்டு நீலாம்பாள் அக்காவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காலையில் நீங்கள் போன் செய்தபோது, "மச்சான், வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு நானே வைத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என்ன கொழுப்பு என்று நினைத்திருப்பீர்கள். கொழுப்பு இருப்பது உண்மைதான், டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் போனை வைத்ததற்குக் காரணம் வேறு.

நீங்கள் சிங்கப்பூர் வேலையை விட்டு வந்து, இரண்டு வருஷமாக வீட்டு மாடியறையில் உட்கார்ந்து செய்த, வாய்க்கால் கடைசி வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் "கடைமடை" வீடியோ கேம் இந்த மாதக் கடைசியில் வெளிவருகிறது. நானோ பகலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மிச்ச நேரத்தில் "தேய்ந்த பட்டன்" என்ற இணையதளம் நடத்தி, கேம்களுக்கு விமர்சனம் எழுதி மார்க் போடுகிறவன். நாற்பத்தொன்பது வயதில் செய்கிற வேலையா இது என்று நம் சொந்தத்தில் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. "பாலிசி பேச வந்துட்டு அந்த ஆளு நம்ம பையன்கிட்ட உக்காந்து சுட்டுக்கிட்டு இருக்காரு" என்று ஒருவர் சொன்னாராம். பாலிசி எடுத்தாரா என்றால் அதுவும் இல்லை.

எங்கள் தளத்தில் ஒரு விதி. விமர்சனம் வெளிவரும்வரை, கேம் செய்தவரோடு போன் கிடையாது, வாட்ஸப் கிடையாது, நேரில் பார்த்துக் காப்பி குடிப்பது கிடையாது. சொல்ல வேண்டியதை மின்னஞ்சலில் கடிதமாக எழுத வேண்டும். நாளைக்கு யாராவது "உள்ளே என்ன பேசினீர்கள்" என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணமான புதிதில் ஈஸ்வரிக்குக்கூட நான் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

இன்னொரு விதி, அன்பளிப்பு வாங்கக் கூடாது. நேற்று பஸ்ஸில் நீங்கள் போட்டுவிட்ட பலாப்பழமும் நெய்யும் சீரகச் சம்பாவும் வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். ஈஸ்வரி கையில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "எங்க அண்ணன் எனக்கு அனுப்புனது. உங்களுக்கு யாரு அனுப்புனா?" நான் சட்டம் பேசி முடிப்பதற்குள் பழம் பாதி அரிந்தாகிவிட்டது. வாசனை மட்டும் பிடித்தேன் என்று எழுத ஆசை. சுளை ஐந்தாறு உள்ளே போய்விட்டது.

பலாப்பழத்தை விடுங்கள். நீங்கள் என் மனைவியின் அண்ணன். அந்த ஒரு காரணத்துக்காகவே கடைமடைக்கு நான் விமர்சனம் எழுத முடியாது. எங்களோடு எழுதும் கூத்தாநல்லூர் அப்சரிடம் கொடுத்துவிட்டேன். மருந்துக்கடை வைத்திருப்பவர். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பதுபோலத்தான் கேமையும் பார்ப்பார். அவருக்கு உங்களையும் தெரியாது, என் மாமியாரையும் தெரியாது. கொடுத்து வைத்தவர்.

வருத்தப்படாதீர்கள்.

அன்புடன்,
சூர்யபிரகாஷ்

குத்தாலம்
7 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ராஜராஜன் எழுதுவது. எல்லாரும் சுகம். பலாப்பழம் தித்திப்பாக இருந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உங்களைப்போல வேடிக்கையாக எழுத எனக்கு வராது. நேராகக் கேட்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் எதற்கு? நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மகள் காதுகுத்துக்கு அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டவன் நான். தாய்மாமன் செய்முறையில் ஏதாவது குறை வைத்தேனா? இப்போது என் வீட்டு விசேஷம் இது. கல்யாணம், கிரகப்பிரவேசம் மாதிரிதான் எனக்கு. ஒன்பது கேட்கவில்லை. எட்டரை போடுங்கள். பெரிய கம்பெனிகள் விமர்சகர்களை விமானத்தில் அழைத்துப்போய் ஹோட்டலில் தங்கவைக்கிறார்களாமே. நான் ஒரு பலாப்பழம் அனுப்பினேன், அதற்கு ஒரு கடிதம்.

விஷயம் என்னவென்றால், மாப்பிள்ளை, நீலாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடைமடை எடுபடவில்லையென்றால் பொங்கலுக்குள் சிங்கப்பூருக்குப் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதென்று. அங்கே என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. நீலாவைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் பொறுத்திருக்கிறாள்.

ஸ்டோரில் தினமும் நூற்றுக்கணக்கில் கேம் வந்து விழுகிறது. நாலு பேர் நல்லதாகச் சொன்னால்தான் ஐந்தாவது ஆள் கண்ணில் படும். தமிழில் கேம் வாங்குகிறவர்கள் உங்கள் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். முதல் போகமான குறுவையை இலவசமாக வைத்திருக்கிறேன். அது பிடித்தவர்கள் காசு கொடுத்து இரண்டாம் போகமான சம்பாவைத் திறக்கலாம். திறக்கவைப்பது உங்கள் மார்க்தான்.

யோசியுங்கள்.

இப்படிக்கு,
ராஜராஜன்

தஞ்சாவூர்
11 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

யோசித்தேன். யோசிக்கவிடாமல் ஈஸ்வரியும் உதவினாள்.

உங்கள் கடிதத்தை அவள் எப்படிப் படித்தாள் என்று தெரியவில்லை. மூன்று நாளாகச் சாம்பாரில் உப்பு மட்டும் குறைகிறது. கேட்டால், "பத்துக்கு ஆறு போடுங்க" என்கிறாள். நேற்று நான் கடைமடையை எனக்காக விளையாடிக்கொண்டிருந்தேன். விமர்சனம் எழுதத்தான் தடை, விளையாடத் தடையில்லை. எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லேசாகச் சிரித்தேன். உடனே அடுப்படிக்குப் போய், "அண்ணே, சிரிச்சாரு" என்று உங்களுக்குப் போன் போனது. கொட்டாவி விட்டதையும் சொன்னாளா? அது எனக்குச் சர்க்கரை ஏறினால் வருவது. கேமைப் பற்றிய கருத்து அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். மார்க் செய்முறை இல்லை, மச்சான். செய்முறை உங்களுக்கும் எனக்கும் நடுவில் நடப்பது. நீங்கள் செய்தீர்கள், நான் திருப்பிச் செய்வேன், கணக்கு நேர். மார்க் அப்படியில்லை. அது எனக்கும், நான் பார்த்தேயிராத ஒரு ஆளுக்கும் நடுவில் நடப்பது. பேராவூரணியில் ஒரு தம்பி, வாரச் சம்பளத்தில் ஒரு கேம்தான் வாங்க முடியும் என்று எழுதுகிறவர். அவர் மகளுக்கு நான் காது குத்தவில்லை. என் எட்டரையை நம்பி வாங்கிவிட்டு அவர் ஏமாந்தால், அந்தச் செய்முறையை யார் திருப்புவது?

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து என்றால் சராசரி. ஆறு என்றால் குறை இருக்கிறது, ஆனாலும் இந்த வகை பிடித்தவர்கள் தைரியமாக விளையாடலாம். எட்டு என்றால் வருஷத்துக்கு நாலைந்துதான் தேறும். பத்து இதுவரை யாருக்கும் போட்டதில்லை. போட்டால் அன்றோடு கடையை மூடிவிட வேண்டியதுதான். நம் ஊரில் இது யாருக்கும் புரிவதில்லை. பிள்ளை தொண்ணூறு வாங்கி வந்தால், "மிச்சம் பத்து எங்க போச்சு?" என்று கேட்கிறவர்கள் நாம்.

ஒருவர் கடைசிவரை விளையாடாமல் எழுதக் கூடாது. புது போனில் ஒரு தடவை, பழைய போனில் ஒரு தடவை விளையாட வேண்டும். எது கேமின் குறை, எது தனக்குப் பிடிக்காதது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிக்கும் குத்தாலத்து மாடியறைக்கும் ஒரே மரக்கால். இதெல்லாம் அப்சர் செய்வார். நீலாம்பாள் அக்காவுக்கு நீங்கள் கொடுத்த வாக்கை இரண்டு தடவை படித்தேன். அதை அப்சரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மரக்கால் சாய்ந்திருக்கும்.

எட்டரை கேட்டதற்காக நான் கோபப்படவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்து, நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் ஒன்பதே கேட்டிருப்பேன்.

அன்புடன்,
சூர்யபிரகாஷ்

குத்தாலம்
22 ஜூன் 2025

திரு. சூர்யபிரகாஷ் அவர்களுக்கு,

உங்கள் தளத்தில் விமர்சனம் பார்த்தேன். பத்துக்கு ஆறு.

அம்மா என்னைக் கேட்டாள்: "ஆறுன்னா பாஸா, ஃபெயிலாடா?" பாஸ் என்றேன். "பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். நீலா பரண்மேல் இருந்த என் சிங்கப்பூர்ப் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பூச்சி வந்துவிட்டதாம்.

"குறுவை முடியும்வரை கீழே வைக்க மனம் வரவில்லை, சம்பாவில் கையில் எடுக்க மனம் வரவில்லை" என்று அப்சர் எழுதியிருக்கிறார். நல்ல வாக்கியம். அவருக்குக் கைதட்டல் கிடைக்கும். சம்பாவில் பயிர் வளரக் காத்திருக்கத்தான் வேண்டும். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவன் வாழ்க்கையே காத்திருப்பதுதான். மருந்துக்கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? எழுத்து பொடியாக இருக்கிறதாம். கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது. வீட்டு மாப்பிள்ளை ஒதுங்கிக்கொண்டு வெளியாள் கையில் கத்தியைக் கொடுத்தீர்கள்.

போகட்டும். உங்கள் தயவு இல்லாமலும் நடக்கும். எங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. இருபத்தாறாம் தேதி கேம் வெளிவரும் அன்று எல்லாரும் ஸ்டோரில் நட்சத்திரம் போடுகிறார்கள். ஈஸ்வரி முன்னின்று செய்கிறாள். அவளைத் தடுக்க வேண்டாம்.

ராஜராஜன்

தஞ்சாவூர்
23 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

என்னைத் திருவாளர் ஆக்கிவிட்டீர்கள். இருபது வருஷத்தில் இந்த மரியாதை முதல் தடவை. வேண்டாம், மாப்பிள்ளையாகவே இருந்துவிடுகிறேன்.

திட்டுவதைப் பிறகு சேர்த்துத் திட்டுங்கள். இப்போது அவசரம், போனை நீங்கள் எடுக்கவில்லை. அந்த நட்சத்திர வேலையை நிறுத்துங்கள். ஈஸ்வரி ஆரம்பித்திருக்கும் வாட்ஸப் குழுவைப் பார்த்தேன். பெயர் "ராஜராஜன் அண்ணன் கேம் விழா". ஒரத்தநாட்டிலிருந்து அபுதாபிவரை ஆள் சேர்த்திருக்கிறாள். எப்படி இறக்குவது, எங்கே ஐந்து நட்சத்திரத்தைத் தொடுவது என்று குரல் பதிவில் பாடமே எடுத்திருக்கிறாள். "வெளையாடத் தெரியலன்னா பரவால்ல, நட்சத்திரம் முக்கியம்" என்று அவள் சொன்னதற்கு நாற்பது பேர் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஸ்டோரில் உட்கார்ந்து பார்ப்பது கணினி. ஒரே காலையில், விளையாடாத ஆட்களெல்லாம், ஒரே மாதிரி ஐந்து போட்டால், அது விலைக்கு வாங்கிய கூட்டம் என்றுதான் அதற்குப் படும். பாசம் என்றால் அதற்குத் தெரியாது.

அப்சர் எழுதியதை இன்னொரு தடவை, கோபம் ஆறியபின் படியுங்கள். கேமில் வரும் மேல்மடைக் கண்ணுசாமியோடு தண்ணீருக்குச் சண்டை போடும் இடத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். தமிழில் வந்த கேம்களில் இவ்வளவு உயிருள்ள எதிராளியைப் பார்த்ததில்லை என்கிறார். கத்தியை வைத்துக்கொண்டு யாராவது இப்படி எழுதுவார்களா?

தயவுசெய்து இதைத் திறந்து படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை,
சூர்யபிரகாஷ்

குத்தாலம்
29 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இன்றுதான் திறந்தேன். அன்றைக்கே திறந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. இருபத்தாறாம் தேதி காலையில் நட்சத்திரம் மழையாகக் கொட்டியது. நானும் அம்மாவும் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஸ்டோரிலிருந்து தகவல். மதிப்பீடுகள் சந்தேகத்துக்குரியவையாம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். கேமையும் தேடினால் கிடைக்காதபடி மறைத்துவிட்டார்கள். மறுபடி விசாரிக்கும்வரை அப்படியே இருக்குமாம்.

நீக்குவதற்கு முன்னால் நான் படித்துவிட்டேன், மாப்பிள்ளை. கேமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மொய் எழுதுகிற மாதிரி ஊரையும் பெயரையும் போட்டிருக்கிறார்கள். "குத்தாலம் நாகம்மாள், ஐந்து நட்சத்திரம்." "ஒரத்தநாடு துரைராசு குடும்பத்தார், அபுதாபியிலிருந்து." "மணமக்கள் வாழ்க" என்று ஒருவர். யாருக்கு மணமென்று அவருக்கே தெரிந்திருக்காது. துரைராசு சித்தப்பா "சாப்பாடு பிரமாதம்" என்று எழுதியிருக்கிறார். அவர் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதைத்தான் சொல்வார். அம்மா அக்கம்பக்கத்து போன்களையும் வாங்கிப் போட்டிருக்கிறாள். "நம்ம மட்டும் ஒண்ணு போட்டா என்ன நினைப்பாங்க" என்கிறாள்.

ஒரே ஒரு மதிப்பீட்டை மட்டும் நீக்கவில்லை. அதைப் போட்டவன் என் பங்காளி ஐயாவு. வரப்புத் தகராறில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். ஒரு நட்சத்திரம் போட்டு, "இவன் தண்ணி விடுற லட்சணம் எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறான். அது ஒன்றுதான் உண்மையான விமர்சனம் என்று கணினி முடிவு செய்துவிட்டது. இப்போது என் கேமுக்கு இருக்கும் ஒரே மார்க் அதுதான்.

ஈஸ்வரி போனில் அழுதாள். அவளைத் திட்டாதீர்கள். செய்யத் தெரிந்ததைச் செய்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே வயலில் நிற்கிறது. எனக்கு மாடியை விட்டு இறங்கப் பிடிக்கவில்லை. சிங்கப்பூருக்கு எழுதிவிடலாமா என்று நானே நீலாவிடம் கேட்டேன். "பொங்கல்னுதானே பேச்சு? ஆனிலயே ஏன் ஓடுறீங்க?" என்றாள்.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

அன்புடன்,
ராஜராஜன்

தஞ்சாவூர்
1 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

சிரிக்கக் கூடாது என்று கையைக் கடித்துக்கொண்டு படித்தேன். "சாப்பாடு பிரமாதம்" வந்ததும் கை தோற்றுவிட்டது. மன்னியுங்கள். ஈஸ்வரியும் சிரித்துவிட்டாள், அழுகைக்கு நடுவில்.

நான் அவளைத் திட்டவில்லை. திட்டினால் யார் நின்று கேட்பது?

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டோருக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். போட்டவர்கள் சொந்தக்காரர்கள், காசுக்கு வந்தவர்கள் இல்லை, ஆனால் விளையாடவும் இல்லை, அதனால் அந்த நட்சத்திரங்கள் எங்களுக்கு வேண்டாம், திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டோம் என்று எழுதுங்கள். வேண்டும் என்கிறவன் பேச்சைவிட, வேண்டாம் என்கிறவன் பேச்சை அவர்கள் கொஞ்சம் நின்று கேட்பார்கள். முழுதாக விளையாடி எழுதிய வெளியாள் விமர்சனம் ஒன்று இருக்கிறது என்று அப்சர் எழுதியதையும் கூட வையுங்கள். ஆம், அந்த ஆறுதான். எட்டரை போட்ட மாப்பிள்ளை விமர்சனமாக இருந்திருந்தால் அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

மொய் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் படிவத்துக்குப் பிறகு நான் பட்ட பெரிய சிரமம் அதுதான். ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்கு வந்ததற்காக, அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர் போய்ச் செய்வதை எப்படிச் சொன்னாலும் சதித்திட்டம் மாதிரியே வருகிறது. கடைசியில், "எங்கள் பக்கத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் எல்லாரும் கையில் ஏதாவது கொண்டுபோவோம், இந்தத் தடவை நட்சத்திரம் கொண்டுபோனார்கள்" என்று எழுதினேன். பார்ப்போம்.

விமர்சனம் வந்தாகிவிட்டது, இனி வாய் திறக்கலாம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நான் எழுதியிருந்தால் கடைமடைக்கு ஐந்தரை போட்டிருப்பேன்.

உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

நான் பாசத்தில் கூட்டிப் போட்டுவிடுவேன் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். விளையாடி முடித்தபோதுதான் தெரிந்தது, நான் குறைத்திருப்பேன். குறுவைக் கடைசியில் கண்ணுசாமி மனமிறங்கி மதகைத் தூக்குகிறான், தண்ணீர் காய்ந்த வாய்க்காலில் சலசலவென்று ஊர்ந்து வருகிறது, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். இவ்வளவு செய்யத் தெரிந்த மனுஷன் சம்பாவில் இப்படிப் படுத்துத் தூங்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியாளுக்கு அந்த ஆத்திரம் வராது. அப்சர் உங்களிடம் எதையும் எதிர்பார்த்து உட்காரவில்லை. இருந்ததை அளந்தார். அதனால்தான் உங்களுக்கு அரை மார்க் கூடுதல்.

சம்பாவைத் திரும்ப எடுங்கள், மச்சான். காத்திருப்பதுதான் கடைமடை என்று எழுதியிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் வயலில் வெறுமனேயா காத்திருப்பீர்கள்? போன தடவை மழையில் வயல் மூழ்குகிறதென்று நீங்கள் நள்ளாற்றுப் பாலத்தில் நின்று போட்ட கூச்சல் தஞ்சாவூர்வரை கேட்டதே.

அன்புடன்,
சூர்யபிரகாஷ்

குத்தாலம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றே போனில் பேசினோம். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுதிப் பழகிவிட்டது.

ஐந்தரை என்று படித்த அன்றிலிருந்து உங்களோடு ஒரு வாரம் மனசுக்குள் பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்காது. எட்டாம் நாள் சம்பாவைத் திறந்து நானே கடைசிவரை விளையாடினேன். இரண்டு தடவை தூங்கிவிட்டேன். அதற்குமேல் யாரிடம் சண்டை போடுவது?

மாற்றிவிட்டேன். இப்போது சம்பாவில் மழை கொட்டுகிறது. மேல்மடை வயல்களின் வடிகால் எல்லாம் நம் தலையில் வந்து இறங்குகிறது. குறுவையில் "தண்ணி விடுங்க" என்று சண்டை, சம்பாவில் "தண்ணி விடாதீங்க" என்று சண்டை. அதே கண்ணுசாமி. ஆனால் இந்தத் தடவை அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எழுத்தையும் பெரிதாக்கியிருக்கிறேன். அப்சருக்குக் கண்ணாடி வேண்டாம்.

ஸ்டோர்க்காரர்கள் கேமை மறுபடி கண்ணில் படும்படி வைத்துவிட்டார்கள். நீங்கள் எழுதிய மொய் விளக்கத்துக்கு ஒரு அம்மா தனியாகப் பதில் போட்டிருந்தார். அவர் ஊரிலும் கல்யாணத்துக்குச் சட்டி பானை கொண்டுபோவார்களாம். ஐயாவு போட்ட ஒற்றை நட்சத்திரத்தையும் நீக்கிவிட்டார்கள், அவனும் விளையாடவில்லை என்பதால். அவனுக்குச் செய்தி போயிருக்கிறது. வரப்பில் என்னைப் பார்த்து, "அது எப்புடி எடுக்கலாம்?" என்று கேட்டான். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

அப்சர் சம்பாவைத் திரும்ப விளையாடிக் கீழே ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறார். ஆறு ஆறாகவே இருக்கிறது. அன்று வாங்கியவருக்குக் கிடைத்தது அதுதான், அதை மாற்றினால் பொய்யாகும் என்று எனக்கு எழுதினார். சரிதான். அடுத்த கேமையும் அவரிடமே கொடுங்கள்.

ஆமாம், அடுத்த கேம். நீலா இப்போது வாங்கியவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாள். நான் எழுதினால் சண்டைக்குப் போவதுபோல இருக்கிறதாம். பெரிதாக விற்கவில்லை. ஆனால் தினமும் யாரோ ஒருவர் சம்பாவைத் திறக்கிறார். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. பொங்கலைப் பற்றிக் கேட்டேன். "பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும், அதப் பாருங்க" என்றாள்.

நான் எழுத வந்தது இதையெல்லாம் அல்ல. முந்தாநாள் ஸ்டோரில் முதல் மதிப்பீடு வந்தது. மூன்று நட்சத்திரம். போட்டவர் பெயர் "மழைக்கோட்டு". வாட்ஸப் குழுவில் எல்லாரும் கூடி விசாரித்தோம். ஈஸ்வரி தஞ்சாவூர்ப் பக்கம், துரைராசு சித்தப்பா ஒரத்தநாட்டுப் பக்கம். ஒருவருக்கும் தெரியவில்லை. நம் சொந்தம் இல்லை, மாப்பிள்ளை. உறுதி. நம்மோடு தகராறும் இல்லை. யாரோ ஒருவர், என்னை யாரென்றே தெரியாமல், உட்கார்ந்து கடைசிவரை விளையாடித் திட்டியிருக்கிறார்.

என்ன திட்டு தெரியுமா? என் கேமில் மாடு படுத்திருந்து எழும்போது முன்னங்காலை ஊன்றி எழுகிறதாம். "அது குதிரை. மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். மாடே பார்க்காதவர் செய்த கேம்" என்று எழுதியிருக்கிறார்.

நம் சொந்தத்தில் மாடு இல்லாத வீடு எது? அத்தனை பேர் நட்சத்திரம் போட்டார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை, கொட்டில் மாடிப் படிக்கு நேர் கீழேதான் இருக்கிறது. உடனே இறங்கிப்போய் நின்றேன். நம் மயிலைப் பசு எழுந்திருக்கட்டும் என்று ரொம்ப நேரம் நின்றேன். அவர் சொன்னது சரி.

அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நிற்கிறாள். கேமை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "இவ்வளவு சுறுசுறுப்பா எந்த மாடுடா எந்திரிக்கும்? கொஞ்சம் சலிச்சுக்கிட்டு எந்திரிக்கச் சொல்லு" என்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாடு இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்,
மச்சான் ராஜராஜன்